இடமில்லை என்றது

மாலை ஏழு மணிக்கு, "மேம்படுத்தவா?" என்று கேட்டது.
ரான்வா ஆம் என்றாள்.
மேல்சட்டையில் ஒரு கை நுழைத்துவிட்டவள் சொல்லும் ஆம் அது.
படிக்காமல் போடும் கையெழுத்து.

இப்போது இரவு இரண்டே முக்கால்.
வோவுர் துறைமுகத்து மீன் ஏலக்கூடம்.
திரை கறுப்பு.
இடது மூலையில் ஒரு சிறு கோடு
மின்னி மறைகிறது, மின்னி மறைகிறது,
சொல்ல வந்ததை மறந்தவன் இமைப்பதுபோல.

விசிறி சுற்றுகிறது. பச்சை விளக்கும் எரிகிறது.
மெய் இருக்கிறது, உயிர் ஏறவில்லை.
க், ங், ச் என்று
தலையில் புள்ளியோடு நிற்கிறது எல்லாம்.

ஐந்தரைக்கு நான்கு படகுகள்.
எடை, விலை, போன வாரப் பாக்கி,
யார் பெயரில் எந்தப் பெட்டி,
அத்தனையும் இதற்குள்.

அணைத்தாள். முப்பது எண்ணினாள். போட்டாள்.
கேபிள்களைப் பிடுங்கி மாட்டினாள்.
நினைவகச் சில்லைக் கழற்றிக்
கம்பளிச் சட்டை நுனியால் துடைத்தாள்.
கம்பளியால் துடைக்கக் கூடாது என்பது
துடைத்த பிறகு நினைவுக்கு வந்தது.
எஃப் இரண்டு. எஃப் பன்னிரண்டு. எஸ்கேப்.
கோடு இமைத்தது.

வேறு வழியாகத்தான் நுழைய வேண்டும்.
அதற்கொரு பென் டிரைவ் வேண்டும்.
மேசை இழுப்பறையில் ஒன்றே ஒன்று,
ஏலம் கூவும் ஹானுஸுடையது:
தேவாலயப் பாட்டுக் குழுவின் ஒத்திகைகள், பதினாறு.

தொலைபேசியில் எழுப்பினாள்.
"அழிக்கலாமா?"
"எதை?"
"உங்கள் பாட்டுகளை."
நீண்ட மூச்சு. கட்டில் முனகியது. "அழி."

நாலு நிமிடத்தில் அவரே அழைத்தார்.
"மூன்றாவதை மட்டும் விட்டுவை.
அதில்தான் நான் சுருதி விலகவில்லை."

பதினாறையும் அவள்
மடிக்கணினிக்கு மாற்றி முடித்திருந்தாள்.
சொல்லவில்லை.
"மூன்றாவது பத்திரம்" என்றாள்.

பென் டிரைவ் வழியே உள்ளே போனபோது
வீடு வைத்தது வைத்தபடி இருந்தது.
பாக்கிக் கணக்கு இருந்தது.
2019இன் ஹாடக் விலைகூட இருந்தது.
எதுவும் தொலையவில்லை.
எங்கிருந்து எழுவது என்பதுதான்
அதற்குத் தெரியவில்லை.

துவக்கப் பகிர்வைத் திறந்தாள்.
நூறு சதவீதம் நிறைவு. இடமில்லை என்றது.
உள்ளே ஒன்பது பழைய கெர்னல்கள்,
ஒவ்வொரு மேம்பாடும்
எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுப் போனவை.
பத்தாவது
பாதி எழுதப்பட்டு நின்றிருந்தது.
இயந்திரம் விசுவாசமாக
அந்தப் பாதியைத்தான்
இரவெல்லாம் எழுப்பிப் பார்த்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.
வீட்டு ஃப்ரீசரின் அடியில்
பக்கத்து வீட்டார் தந்த திமிங்கிலக் கொழுப்பு
மூன்று வருடமாகக் கிடக்கிறது.
உண்ணவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.
அதன்மேல் வைத்த ஐஸ்கிரீமுக்கு
மூடி என்றும் சாய்ந்தே இருக்கும்.

ஏழை அழித்தாள்.
இரண்டை வைத்தாள்: ஒன்று புத்திக்கு, ஒன்று பயத்துக்கு.
புதியதை மறுபடி, முழுதாக எழுதச் சொன்னாள்.
காப்பி ஆறியது.
வெளியே காற்று
காலிப் பெட்டி ஒன்றைத் தளமெங்கும் இழுத்துத் திரிந்தது.

நான்கு ஐம்பத்திரண்டு.
பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.
கறுப்பு.
கோடு.
பிறகு மூன்று புள்ளிகள் சுழன்றன,
ஆய்த எழுத்து எழுந்து
நடை பழகுவதுபோல.
கடவுச்சொல் கேட்டது.
இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

பிரிண்டர் மட்டும் பேச மறுத்தது.
அன்றைய சீட்டுகளைக் கையால் எழுதினாள்,
விரல் விறைக்க விறைக்க.

முதல் படகின் பெட்டிகள் இறங்கின.
ஹானுஸ் வந்தார், தாடியில் தூக்கம் ஒட்டியிருக்க.
பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டார், எதுவும் கேட்கவில்லை.
தொண்டையைச் செருமி முதல் விலையைக் கூவினார்.

சுருதி
சற்று இறங்கியே இருந்தது.